மருந்தில் சேராத மாத்திரை

மூன்று நாளில் மூன்று டாக்டர்கள் லோடுக்காரரிடம் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். "வேற ஏதாவது மருந்து சாப்பிடறாங்களா?" மூன்று தடவையும் அவர் இல்லை என்றுதான் சொன்னார். மூன்றாவது தடவை நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். பொய் சொல்லவில்லை. சிமெண்ட் கிடங்கில் முப்பது வருஷமாக மூட்டை தூக்குகிற மனிதர். தெரிந்ததைத் தெரியும் என்பார், தெரியாததற்கு வாயைத் திறக்க மாட்டார்.

கட்டிலில் கிடந்தது அவர் மனைவி. கால் இரண்டும் வீங்கி மினுமினுத்தன. விரலால் அழுத்தினால் விழுந்த குழி அப்படியே நின்றது, ஈரச் சிமெண்டில் கால் வைத்த மாதிரி. கட்டிலுக்கடியில் தொங்கிய பையில் நேற்றுக் காலையிலிருந்து ஒரு டம்ளர் சிறுநீர்கூடச் சேரவில்லை. சிறுநீரகம் நின்றுகொண்டு வருகிறது, ஏன் என்று பிடிபடவில்லை என்றார் பெரிய டாக்டர். காரணம் தெரிந்து அதை நிறுத்தினால் கொஞ்சமாவது திரும்பும். தெரியாவிட்டால் நாளைக் காலையில் முதுகுப் பக்கமாக ஊசி விட்டு, சிறுநீரகத்தில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும். இவள் இருக்கிற இருப்பில் ரத்தம் நிற்காமல் போனாலும் போகலாம். இவ்வளவையும் டாக்டர் நின்றபடியே சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார். லோடுக்காரர் மனசில் அதில் ஒன்றுதான் தங்கியது: நாளைக் காலையில்.

அன்று மத்தியானம் ஒரு மணி வாக்கில் மருந்துக்காரம்மா வந்தார். கையில் ஒரு அட்டை, அதில் கவ்விய தாள், காதில் சொருகிய பேனா. வந்தவுடன் கட்டிலுக்கடியில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூன்று நாளில் அந்தக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பேசிய முதல் ஆஸ்பத்திரி ஆள் அவர்தான்.

"நான் இங்க பார்மசிஸ்ட். மருந்து கொடுக்க வரலைங்கய்யா. இவங்க வீட்டுல என்னென்ன சாப்பிட்டாங்கன்னு கேட்டு எழுதிக்க வந்திருக்கேன்."

"அதான் மூணு பேரு கேட்டுட்டாங்களேம்மா" என்றார் லோடுக்காரர். "நீங்க நாலாவது."

"அவங்களுக்கெல்லாம் ஓடறதுக்குச் சம்பளம். எனக்கு உட்கார்றதுக்குச் சம்பளம்."

சுவரோரம் நின்ற மகளுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. தையல் கம்பெனியில் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி போடுவாள் என்பதால் சின்ன வயசிலிருந்தே அப்பா அவளை 'வக்கீல்' என்றுதான் கூப்பிடுவார். வக்கீல் கையோடு கொண்டுவந்திருந்த துணிப்பையைக் கட்டிலின் கால்மாட்டில் கவிழ்த்தாள். மாத்திரை அட்டைகள் சரசரவென்று விழுந்தன.

"எல்லாம் இருக்கு மேடம். நானே வாங்கறேன், நானே எடுத்து வைக்கிறேன். ஒண்ணு கூடுதலும் இல்ல, குறைச்சலும் இல்ல."

மருந்துக்காரம்மா ஒவ்வொரு அட்டையாகக் கையில் எடுத்தார். இது சர்க்கரைக்கு, சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா? இது பிரஷருக்கு, காலையிலா, ராத்திரியா? யார் எடுத்துத் தருகிறார்கள்? அவர்களாகப் போட்டுக்கொள்வார்களா? கேட்டுக்கொண்டே அட்டையில் உடைந்த குழிகளை நகத்தால் தடவி எண்ணினார்.

"சீட்டுப்படி, வாங்கினதுல இருந்து இங்க சேர்ற வரைக்கும் பத்து நாள் ஆகுது. எட்டுதான் காலியா இருக்கு."

வக்கீலுக்கு முகம் சுருங்கியது. "அந்த ரெண்டு நாளும் எனக்கு ஓவர்டைம் மேடம்."

"தப்பு சொல்லலைம்மா. எல்லா வீட்டுலயும் ரெண்டு நாள் இருக்கும்." தாளில் எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை மூடி மடியில் வைத்தார். "இப்ப மருந்துங்கிற பேச்சையே விட்டுடுவோம். ஐயா, இவங்க காலையில எழுந்திரிச்சதுல இருந்து சொல்லுங்க. முதல்ல என்ன வாய்க்குள்ள போகும்?"

"டீதான்."

"சர்க்கரை?"

"போட்டுக்கிறதில்லன்னு சொல்லுவா. டப்பா மட்டும் அதுவா குறையும்."

"எறும்பு" என்றாள் மகள். "எங்க வீட்டுல நாற்பது கிலோ எறும்பு ஒண்ணு இருக்கு."

கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தவளின் உதடு ஒரு ஓரமாக இழுத்தது. தூங்கவில்லை என்று லோடுக்காரருக்குத் தெரிந்தது. அந்தச் சின்ன அசைவைப் பார்த்ததில் அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்து, ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் குந்திக்கொண்டார்.

"சரி, தலையில இருந்து கீழ இறங்குவோம்" என்றார் மருந்துக்காரம்மா. "தலைவலி வந்தா என்ன பண்ணுவாங்க?"

"ஒரு துணியை இறுக்கிக் கட்டிக்குவா. மாத்திரையெல்லாம் இல்ல."

"தூக்கம் வரலைன்னா?"

"தூக்கம் வராம என்ன? படுத்தா மூட்டை கணக்குதான்."

"நெஞ்சு எரிச்சல்? வயிறு?"

"எப்பவாச்சும் எரியுதும்பா. தண்ணி குடிப்பா."

"கை, தோளு?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா."

"முட்டி?"

"முட்டிதாம்மா அவளுக்கு எமன். ஆபீஸ் கட்டடத்துல தரை துடைக்கிற வேலை. இருபது வருஷம் முட்டி போட்டே தேய்ச்சவ. நாலு வருஷத்துக்கு முன்னால படி ஏற முடியாமலே போச்சு."

"அதுக்கு?"

"அதுக்கு மருந்தெல்லாம் கிடையாது. நான் கொண்டுவர்றது இருக்கு, அதைப் போட்டுக்குவா."

மருந்துக்காரம்மாவின் கை மடியிலிருந்த பேனாவுக்குப் போனது. ஆனால் எடுக்கவில்லை. "நீங்க கொண்டுவர்றது என்னங்கய்யா?" என்று அதே குரலில் கேட்டார். லோடுக்காரர் அந்தப் பேனாவையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

கிடங்கில் ஒரு வழக்கம். பத்து மணி டீயோடு மேஸ்திரி ஒரு தகர டப்பாவைத் திறப்பார். ஆளுக்கு இரண்டு மாத்திரை. மஞ்சள் நிறம், நீளவாக்கு, நடுவில் ஒரு கோடு. ஒன்று அப்போதே, இன்னொன்று சாப்பாட்டுக்குப் பிறகு. போட்டுக்கொண்டால் இடுப்பும் தோளும் வாயை மூடிக்கொள்ளும். லாரி கிளம்புகிற வரைக்கும் மூட்டை ஏறும். மேஸ்திரி போடுகிற சத்தத்துக்கு எழுந்திருக்காத ஆளையும் அது எழுப்பி நிறுத்திவிடும் என்பதால் ஆட்கள் அதற்குச் 'சின்ன மேஸ்திரி' என்று பெயர் வைத்திருந்தார்கள். "சின்ன மேஸ்திரி உள்ள போயாச்சா? அப்ப தூக்கு" என்று ஒருவரை ஒருவர் கிண்டல் செய்வார்கள். உறை கிடையாது, சீட்டு கிடையாது. டீயை யாராவது மருந்து என்பார்களா? இதுவும் அந்த வரிசைதான். மருந்து என்றால் டாக்டர் எழுத வேண்டும், வேளை தவறினால் மகளிடம் திட்டு வாங்க வேண்டும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அவள் வீட்டுப் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து, பிட்டத்தாலேயே நகர்ந்து இறங்குவதைப் பார்த்தார். மறுநாள் தன் பங்கில் ஒன்றை முழுங்காமல் கொண்டுவந்து கொடுத்தார். அதற்கடுத்த நாள் அவள் நின்றபடி படி இறங்கினாள். இறங்கி, கீழே நின்று மேலே பார்த்து, "என்னங்க பாக்கிறீங்க, பொண்ணு பாக்க வந்த மாதிரி?" என்றாள். அதிலிருந்து இரண்டையும் அவளுக்கே கொண்டுவந்தார். தன் இடுப்புக்குத் துண்டை ஒரு சுற்று இறுக்கிக் கட்டிக்கொள்வதோடு சரி. வீட்டுக்குள் நுழைந்து சட்டைப் பையைத் தட்டினால் அவள் தண்ணீர் சொம்போடு வந்து நிற்பாள். கல்யாணமானதிலிருந்து அவளுக்கென்று அவர் தினந்தோறும் கொண்டுவந்து கொடுத்த பொருள் வேறு எதுவும் இல்லை.

இதையெல்லாம் அவர் மருந்துக்காரம்மாவிடம் இப்படிச் சொல்லவில்லை. "மஞ்சள் மாத்திரைம்மா. எங்க கிடங்குல டீயோட கொடுப்பாங்க. நான் போடறதில்ல. இவளுக்குத் தருவேன்" என்று மட்டும் சொன்னார்.

"தினமும்?"

"வேலை இருக்கிற நாளெல்லாம். லீவு நாளைக்கும் சேர்த்து மேஸ்திரிகிட்ட கேட்டு வாங்கிக்குவேன்."

"கடைசியா எப்ப கொடுத்தீங்க?"

லோடுக்காரர் சட்டைப் பையில் கைவிட்டார். காகிதத்தில் மடித்த பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்துக் காட்டினார். இரண்டு மஞ்சள் மாத்திரைகள். காலையில் அரை நாள் வேலை முடித்து, நேராக அங்கிருந்து வந்திருந்தார். "இது இன்னைக்கு உள்ளது. இன்னும் கொடுக்கல. நேத்து கொடுத்தேன். முந்தாநாளும் கொடுத்தேன். இங்கதான். முட்டி வலிக்குதுன்னா."

"அப்பா" என்றாள் மகள்.

மருந்துக்காரம்மா மாத்திரையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பி, அதில் பொறித்திருந்த எழுத்தைப் பார்த்தார். கைப்பேசியில் எதையோ தேடி ஒப்பிட்டார். பிறகு ஸ்டூலில் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஐயா, இது வலி மாத்திரை. ஒரு நாள் ரெண்டு நாளைக்குத் தப்பில்ல. சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறவங்க வருஷக்கணக்கா தினமும் போட்டா சிறுநீரகம் தாங்காது. டாக்டர் தேடிட்டு இருக்கிற காரணம் இதுவா இருக்கலாம்."

"இதுவும் மருந்தாம்மா?"

மருந்துக்காரம்மா பொட்டலத்தை மடித்துத் தன் அட்டையில் தாளோடு கவ்வ வைத்தார். "மருந்துதாங்கய்யா" என்றார்.

மூன்று டாக்டர்களிடமும் இல்லை என்று சொன்னது லோடுக்காரருக்கு நினைவு வந்தது. நெஞ்சில் வைத்த கையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். சிமெண்ட் அரித்து ரேகை அழிந்த கை.

"ஒருத்தர் சொன்னதை மட்டும் வச்சு நான் எழுதக் கூடாது. இவங்க வாயாலயும் கேட்கணும்" என்று மருந்துக்காரம்மா கட்டில் பக்கம் திரும்பினார். "அம்மா, முழிச்சுத்தான் இருக்கீங்கன்னு தெரியும். உங்க வீட்டுக்காரர் தினமும் மஞ்சள் மாத்திரை தருவாராமே?"

அவள் கண்ணைத் திறந்தாள். வீங்கிய இமைக்குள்ளிருந்து முதலில் மகளைப் பார்த்தாள். மகள் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்த பார்வையைப் பார்த்தாள். பிறகுதான் பேசினாள்.

"தருவாரு."

"முழுங்குவீங்களா?"

"அய்ய, அதை யாரு முழுங்குவா? ஒரே கசப்பு. வாங்கி உள்ளங்கையில வச்சுக்குவேன். இவரு அந்தப் பக்கம் திரும்புனதும் ஜன்னல் வழியா சாக்கடையில போட்டுடுவேன்."

"ஒண்ணுகூட முழுங்கலையா?"

"ஒண்ணுகூட இல்ல. ஆம்பளை ஆசையா கொண்டுவர்றாரு, வேணாம்னு சொன்னா மூஞ்சி போயிடும். அதான் வாங்கிக்கிறது."

"அப்பாடா" என்று மகள் சுவரில் சாய்ந்தாள்.

லோடுக்காரரின் தலையிலிருந்து யாரோ மூட்டையை இறக்கிவிட்ட மாதிரி இருந்தது. கழுத்து லேசாகி, அவர் சிரிக்கக்கூடச் செய்தார். கள்ளி! நாலு வருஷம் சாக்கடைக்கா மாத்திரை சுமந்தேன்? இருந்துவிட்டுப் போகட்டும். இருந்துவிட்டுப் போகட்டும்.

மருந்துக்காரம்மாவின் பேனா தாளுக்கு மேலே நின்றது. "ரெண்டு பேரும் ஒண்ணைச் சொன்னா எழுதிட்டுப் போயிடுவேன். ஐயா, நீங்க சாப்பிட்டாங்கங்கிறீங்க, அவங்க இல்லைங்கிறாங்க. சாப்பிடலைன்னா டாக்டர் நாளைக்கு ஊசி போட்டுத்தான் பார்த்தாகணும். சாப்பிட்டிருந்தா, முதல்ல இதை நிறுத்திட்டுப் பார்ப்பாரு. எதை எழுதட்டும்?"

லோடுக்காரர் பேசாமல் இருந்திருக்கலாம். அவள் சொன்னது மனைவி சொன்ன சொல். அதைப் பொய் என்று சொல்ல அவரைத் தவிர இந்த உலகத்தில் ஆளில்லை. ஆனால் அவள் மாத்திரை முழுங்குவது அவர் கண்ணுக்குள்ளேயே நின்றது. அவளுக்கு மாத்திரை சுலபமாக இறங்காது. சொம்புத் தண்ணீரில் பாதியை வாயில் நிறைத்து, கன்னம் உப்ப, கண்ணை இறுக்க மூடி, கோழி தண்ணீர் குடிக்கிற மாதிரி தலையை அண்ணாந்து இரண்டு தடவை உலுக்குவாள். பிறகு நாக்கை நீட்டிக் காட்டுவாள், "பாருங்க, போயிடுச்சு" என்று. அவர் ஒருநாளும் அந்தப் பக்கம் திரும்பியதில்லை. அதைப் பார்ப்பதற்காகவே நின்றுகொண்டிருப்பார்.

எழுந்து கட்டிலோரம் போனார்.

"ஏ, இங்க பாரு."

அவள் பார்க்கவில்லை.

"நாக்கை நீட்டிக் காட்டுவியே, அது எதுக்குடி? சாக்கடையில போட்டதுக்கா?"

"சும்மா இருங்க."

"நாளைக்கு முதுகுல ஊசி விடுவாங்களாம். ரத்தம் நிக்காதாம்."

"விடட்டும்."

"சொல்லிடு."

"நீங்க கொடுத்து நான் சாப்பிட்டதுன்னு அந்தத் தாள்ல ஏறிச்சுன்னா, அது இறங்குமா?" அவள் குரல் கம்மியிருந்தது. மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள். "புள்ள உங்களை எப்படிப் பாக்கிறா பாருங்க. நான் போயிட்டா யாருங்க உங்களுக்கு ஒரு வாய் தண்ணி கொடுப்பா? ஆயுசுக்கும் உங்க தலையில நிக்கும்ங்க அது."

"நிக்கட்டும். எத்தனையோ மூட்டை நின்ன தலைதான்."

அவள் அழுதாள். அழுகைக்கு அவ்வளவாகக் கண்ணீர் வரவில்லை. முகம் மட்டும் கோணியது. பிறகு மருந்துக்காரம்மா பக்கம் திரும்பி, "சாப்பிட்டேன்மா" என்றாள். "தினமும் ரெண்டு. அவரு மேல ஒரு குத்தமும் இல்ல. அதையும் எழுதிக்கங்க."

அதற்குத் தாளில் இடம் இல்லை. மருந்துக்காரம்மா மற்றதையெல்லாம் எழுதினார். எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டினார். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, விட்டுப்போன இரண்டு நாள், மஞ்சள் மாத்திரை தினம் இரண்டு வீதம் நான்கு வருஷம், கடைசியாக நேற்று. "சரிதானுங்களா?" என்று இருவரையும் பார்த்துக் கேட்டார். சரி என்று லோடுக்காரர் தலையாட்டினார். "இது ஒண்ணுதான் காரணம்னு சொல்லிட முடியாதுங்கய்யா. சர்க்கரையும் அரிச்சிருக்கும்" என்று போகும்போது சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னதில்லை, உண்மையைத்தான் சொன்னார். லோடுக்காரர் காதில் அது ஏறவில்லை.

ஊசி வேண்டாம் என்று சாயங்காலத்துக்குள் சொல்லிவிட்டார்கள். மஞ்சள் மாத்திரை இல்லாமல் இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் பையில் கொஞ்சம் சேர்ந்தது; நர்ஸ் அளவு பார்த்து எழுதினாள். லோடுக்காரர் அந்தப் பையைக் கோயிலில் நிற்கிற மாதிரி நின்று பார்த்தார். நாலாம் நாள் பெரிய டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு வந்தார். சிறுநீரகம் இரண்டும் சுருங்கியிருக்கிறது, இது நேற்று இன்றைக்கு ஆனதில்லை. இப்போது திரும்பியிருப்பது கொஞ்சம்தான், இதற்கு மேல் வராது. வாரத்துக்கு இரண்டு நாள் மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ண வேண்டும். எத்தனை நாளைக்கு என்று மகள் கேட்டாள். இருக்கிற வரைக்கும் என்றார் டாக்டர்.

மகள் மூன்று நாளாக அப்பாவோடு தேவைக்கு மேல் பேசவில்லை. டீ வாங்கி வந்தால் அவர் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். அன்று டாக்டர் போன பிறகு, வராந்தாவில் அவருக்குப் பக்கத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். என்னவோ கேட்கத் தொடங்கி, அதை விட்டுவிட்டு வேறு கேட்டாள்.

"நாலு வருஷமா நீ ஒண்ணுகூடப் போட்டுக்கலையாப்பா?"

"இல்ல."

"உனக்கு வலிக்கலையா?"

"வலிச்சுது" என்றார்.

அவள் காலி டீ டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள். கோபத்தையெல்லாம் எங்கே வைப்பது என்று தெரியாத கை அது. பிறகு எழுந்து, மெஷினுக்குக் கையெழுத்துப் போடப் போய்விட்டாள்.

லோடுக்காரர் உள்ளே வந்தார். மத்தியான வெயில் ஜன்னல் வழியாகக் கட்டிலின் பாதிவரை விழுந்திருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

"முட்டியா?"

ஆமாம் என்று தலையசைத்தாள். அவர் நர்ஸிடம் போனார். வேளைக்கு உள்ள லேசான மாத்திரை கொடுத்தாகிவிட்டது, அதற்கு மேல் அவளுக்கு எதுவும் கொடுக்கக் கூடாது என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறது என்றாள் நர்ஸ். திரும்பி வந்தார். வெறுங்கையோடு அவள் முன்னால் எப்படி நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

போர்வையை விலக்கி, அவளுடைய வலது முட்டியை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் எடுத்துக்கொண்டார். தேய்த்தால் தோல் வழன்றுவிடும் போல இருந்தது. அதனால் தேய்க்கவில்லை. சும்மா பொத்திப் பிடித்துக்கொண்டார்.

"கை சொரசொரங்குது" என்றாள் அவள்.

"எடுத்துடட்டுமா?"

"வேணாம்."

"வலி குறையுதா?"

அவள் அவரைப் பார்த்தாள். இந்தத் தடவை பொய் சொல்லவில்லை.

"இல்லைங்க" என்றாள்.

அவர் கையை எடுக்கவில்லை.